புதிதாக வருபவர்களுக்கு

முதல் படி: எடிட்டரை நிறுவுங்கள்.
இரண்டாம் படி: நீவாடு நிரலை இறக்கிக்கொள்ளுங்கள்.
மூன்றில் 'எளிதாக' என்று ஒரு சொல் போட்டிருந்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கீழக்கரை, கிழக்குத் தெரு, மாடி அறை.
சார்ஜர் முனையில் உப்புக் காற்றின் பச்சை.
தொதல் எண்ணெய் பட்ட ஸ்பேஸ் பட்டன்
அழுத்தினால் ஒட்டிக்கொண்டு
யோசித்து மேலே வரும்.
இங்கே உட்கார்ந்துதான்
கச்சானுக்கும் நீரோட்டத்துக்கும் கணக்குப் போடும் நிரலில்
மூன்று வருடமாகப் பிழை பார்க்கிறேன்.
சம்பளம் கிடையாது. லீவும் கிடையாது.

வழிகாட்டி மொத்தம் ஏழு படி.
சிவப்புப் புள்ளியை எங்கே வைப்பது,
எஃப் ஐந்தை அழுத்தினால் ஓட்டம் எந்த வரியில் நிற்கும்,
நின்ற இடத்தில் காற்று என்ன எண்ணாக இருக்கிறது என்று
எப்படி எட்டிப் பார்ப்பது.
அம்புக்குறி போட்ட படங்கள் வேறு.
என் லேப்டாப்பில் ஏழும் ஓடின.
என் லேப்டாப்பில் எதுதான் ஓடாது?

தங்கச்சிமடத்திலிருந்து ரெமினா, இரவு பதினொன்றரைக்கு:
"அக்கா, புள்ளி வச்சேன். நிக்கல.
சிவப்பு வெளுத்து சாம்பல் வளையமாயிருச்சு."
ஆறாம் படியைப் படித்தாயா என்றேன்.
"மூணு தடவை."
எழுதியவளுக்கு வேறு அடி வேண்டாம்.

திரையைக் காட்டச் சொன்னேன்.
படம் கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தது.
அவள் திறந்தே பார்க்காத டெர்மினலில்
ஒரு வரி கிடந்தது.
பிழைச் செய்திகளைத் தமிழில் எழுதியதும் நான்தான்.

அம்மா: அப்படி எதுவும் இல்லை

எனக்குப் பேச்சு வரவில்லை.
"இருக்காங்களே அக்கா," என்றாள் ரெமினா,
"அடுப்படியில நண்டு வலை பிரிச்சிக்கிட்டிருக்காங்க."
பின்னாலிருந்து ஒரு குரல்:
யாருடி இந்நேரத்துல.

ஃபோல்டரின் பெயர் 'அம்மா கடன்'.
மகளிர் குழுத் தவணை ரசீது, இன்ஜின் பில்,
ஆதார் நகல், எல்லாவற்றுக்கும் நடுவில்
நீவாட்டையும் இறக்கி வைத்திருந்தாள்.
லேப்டாப்பே அந்தக் கடனில் வந்தது.
வேறெங்கே வைப்பாள்.
நான் எழுதிய ஸ்கிரிப்ட்
இடைவெளி வந்ததும் பாதை முடிந்ததென்று நினைத்து
கடனை அங்கேயே விட்டுவிட்டு
அம்மாவை மட்டும் தேடிப் போயிருக்கிறது.

கை முந்திக்கொண்டது, தடித்த எழுத்தில்:
எச்சரிக்கை. ஃபோல்டர் பெயரில் இடைவெளி கூடாது.
எழுதிவிட்டுப் பார்த்தேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு வா என்பதுபோல் இருந்தது.
"பேரை மாத்திரவா அக்கா?"
சுட்டி அந்தப் பெயரின்மேல் வந்து நின்றிருந்தது.
வேண்டாம். இரு.

ஸ்கிரிப்டில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று,
அந்தப் பக்கம் ஒன்று,
மேற்கோள் குறி.
மூன்று வருடமாக என் ஃபோல்டருக்குத் தேவைப்படாததால்
விட்டுப்போன இரண்டு.

அனுப்பினேன். இழுத்துக்கொண்டாள். அழுத்தினாள்.
சாம்பல் சிவந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் மஞ்சள் பட்டை விழ
நீவாடு நின்றது.
காற்று: நாற்பத்தொன்று.

"பொய்," என்றாள் உடனே.
"நாப்பத்தொண்ணு அடிச்சிருந்தா எங்க வள்ளம்
இன்னைக்குக் கரையிலதான் கெடந்திருக்கும்.
விடியப் போயி வந்துச்சே."
நாட் கணக்கைக் கிலோமீட்டராக்கி
அதை மறுபடியும் யாரோ கிலோமீட்டராக்கியிருந்தார்கள்.
யாரோ என்ன யாரோ. நான்தான்.

எச்சரிக்கையை அழித்தேன்.
மூன்றாம் படிக்குப் போய்
'எளிதாக' என்பதையும் எடுத்தேன்.
நிமிர்ந்தால் அவள் இன்னும்
அந்த மஞ்சள் பட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நிப்பாட்டிட்டேன் அக்கா.
இனி எப்படி ஓட விடுறது?"

ஏழு படியையும் மேலிருந்து கீழே தேடினேன்.
அதை எழுதவே இல்லை.