புறங்கை

பள்ளத்தூர் போய் இறங்கும்போது மணி மூன்றேகால்.
ஆறு மணிக்கெல்லாம் திருப்பூட்டு.
இரண்டாம் கட்டில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள்,
ஒரு டியூப்லைட், அதுவும் கண்ணடித்துக்கொண்டே.
டியூப்லைட்டை நம்பிக் கன்சீலர் எடுத்தால்
விடிந்ததும் முகம் ஒரு ஊர், கழுத்து ஒரு ஊர்.

முதலில் வந்தது பெண்ணின் சித்தப்பா மகள் தேனு.
தாடையில் ஒரு பரு.
ராத்திரி முழுக்க அதோடு சண்டை போட்டிருக்கிறாள்.
சிவந்து போனதற்குப் பச்சை என்றேன்.
"பச்சையா!"
ஊசிமுனை அளவுதான், அதன் மேல் உன் நிறம் வரும்.
தேய்க்காதே, வைத்ததெல்லாம் விரலோடு வந்துவிடும்.
ஒற்று.
வெந்ததா என்று இட்லியைத் தொட்டுப் பார்ப்போமே,
அப்படி.

பெண்ணின் அம்மா மெய்யம்மை ஆச்சிக்கு
இரண்டு கன்னத்திலும் மங்கு,
இந்தப் பெண்ணை வயிற்றில் சுமந்தபோது வந்து
பெண் புறப்படும் நாளிலும் போகாதது.
பழுப்புக்கு ஆரஞ்சு.
ஒரே தடவையில் அப்பினால் சுவர் பூசியதுபோல் ஆகிவிடும்,
மூன்று மெல்லிய பூச்சு, நடுநடுவே காய வேண்டும்.
காயவிட்டால்தானே!
பால் வந்ததா, வாழைப்பூ ஆய்ந்தாயிற்றா,
ஐயர் காரில் ஏறிவிட்டாரா.
அவர் வாய் மூடிய இடைவெளிகளில்தான்
நான் வேலை செய்தேன்.

கதவு பாதி திறந்தது.
அண்ணன் வயிரவன், மெல்போர்னிலிருந்து நேற்று மாலை வந்தவர்.
"கண்ணுக்குக் கீழே எனக்கும் கொஞ்சம்...
யாருக்கும் தெரிய வேண்டாம்."
உட்காருங்கள் என்றேன்.
அந்த இடத்துத் தோல் சின்ன வெங்காயத்தின் தோல்.
முதலில் ஈரம், பிறகு நீலத்தை அமுக்கப் பீச்,
பிறகு கடுகளவு கன்சீலர், மோதிர விரலால்.
அதிகம் வைத்தால் சிரிக்கும்போது வெடிக்கும்.
"அப்போ சிரிக்கலை," என்று சொல்லிச் சிரித்தார்.

நான்காவதாகச் சிகப்பி.
பெயர்தான் அப்படி. ஆள்
நன்றாகக் காய்ச்சிய கருப்பட்டிப் பாகு.
"ரெண்டு ஷேடு ஏத்திப் போடு பிலோமி," என்றார் ஆச்சி,
போனைக் காதிலிருந்து எடுக்காமலே.
நான் பதில் சொல்லவில்லை. பெண்ணின் கையைப் பிடித்து
முற்றத்துக்குக் கூட்டிப்போனேன்.
மேலே வானம் அப்போதுதான் வெளுத்தது.
தாடையோரம் மூன்று கோடு இழுத்தேன்.
ஒன்று சாம்பல் பூத்தது. ஒன்று கிடந்தது, கிடந்தபடி.
ஒன்றைக் காணோம்.
காணாமல் போனதுதான் உன்னுடையது என்றேன்.

இடப் புருவத்தின் மேல் ஒரு தழும்பு,
அரிசி ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்த மாதிரி.
"அதை மட்டுமாவது மறைச்சிடு."
நிறத்தை மூடலாம் ஆச்சி, மேட்டை மூட முடியாது.
ஏதாவது ஒரு வெளிச்சம் கண்டுபிடித்துவிடும்.
வீடியோக்காரன் வெளிச்சம் கட்டாயம்.

"விடுங்கக்கா," என்றாள் சிகப்பி.
"முதல் வீடியோ காலில் அவர் கேட்டதே இதைத்தான்."
என்ன சொன்னாய்?
"அன்னைக்கு நாய்னு சொன்னேன்.
அப்புறம் ஒரு நாள் கிரிக்கெட் பந்து. அப்புறம் பேய்.
உண்மையை இன்னும் சொல்லலை.
கழுத்துரு ஏறட்டும், பார்க்கலாம்."
அரிசியைத் தொடாமல்
அதைச் சுற்றி மட்டும் ஒற்றி முடித்தேன்.

மேளம் கேட்டது. நான் பெட்டியை மூடினேன்.
எட்டரைக்கு எனக்கும் ஓர் இலை போட்டார்கள்.
வலது கையால் சாப்பிட்டேன், இடது புறங்கையில்
காலையிலிருந்து குழைத்ததெல்லாம் காய்ந்து கிடந்தது:
தேனுவின் பச்சை, ஆச்சியின் ஆரஞ்சு,
அண்ணனின் ரகசியம், சிகப்பியின் கருப்பட்டி.
எதிரே உட்கார்ந்திருந்த குழந்தை
பாயசத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தது.

கை கழுவும் குழாயில் பச்சை முதலில் போனது,
ஆரஞ்சு கொஞ்சம் அடம்பிடித்தது.
எல்லாம் போன பிறகும் ஒரு திட்டு போகவில்லை.
சோப்பு போட்டேன். நகத்தால் சுரண்டினேன்.
சுருக்கென்று வலித்த பிறகுதான் தெரிந்தது
அது நான்.

காரைக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
நல்ல வெயில்.
சில்லறை வாங்கப் புறங்கையைத் திருப்பினேன்.