எழுதியிருந்த வேகம்

நாற்பத்தொன்றாம் பக்கத்தில்தான் ஒவ்வொரு முறையும்.
அம்மிமேல் கால் வைத்துக் குனிந்திருக்கிறாள் மணப்பெண்,
மாப்பிள்ளை கையில் மெட்டி.
சேமி என்று அழுத்தினால்
அவள் நெற்றியில் ஒரு பச்சைக் கோடு இழுபடும்,
பிறகு திரை நீலமாகும்,
பிறகு
ஒன்றுமே நடக்காததுபோல் வணக்கம் சொல்லும்.

குவைத், பர்வானியா. ஆகஸ்ட். இரவு பதினொன்று.
அறைக்குள் நான்கு கட்டில்.
என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இந்தக் கணினி.
பகலில் டைப்பிங் சென்டரில் அடுத்தவர் விண்ணப்பங்கள்.
இரவில் அறந்தாங்கி ஸ்டுடியோ ஒன்றுக்குக் கல்யாண ஆல்பம்,
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.

பழைய ரேம் இரண்டு இருந்தது. போதவில்லை.
ஹவல்லியில் பன்னிரண்டு தினாருக்கு
அதே கம்பெனி, அதே எட்டு ஜிபி, இன்னும் இரண்டு.
கடைக்காரன் நெஞ்சில் கைவைத்து "மியா மியா" என்றான்,
நூற்றுக்கு நூறு.
ஒட்டியிருந்த சீட்டில் 3600 என்று இருந்தது.
நம்பினேன்.
என் விசாவிலும் சூப்பர்வைசர் என்றுதான் இருக்கிறது.

எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன்.
விசிறி மூன்று முறை சுற்றி நின்றது.
போர்டின் ஓரத்தில் ஆரஞ்சுப் பொட்டு ஒன்று முறைத்தது.
காசு அளவு பேட்டரியைக் கழற்றிப் பத்து எண்ணி மாட்டினேன்.
எல்லாம் மறந்து எழுந்தது, தேதி உட்பட.
நினைவகம் என்று யார் பெயர் வைத்தார்களோ.

அப்புறம் விசாரணை, ஆளுக்கு ஓர் இரவு.
முதலாமவனைத் தனியே நிறுத்தினேன், நிரபராதி.
இரண்டாமவனும்.
ஹவல்லிக்காரர்கள்மேல்தான் சந்தேகம்,
அவர்களும் சுத்தம்.
நால்வரையும் ஒன்றாக உட்காரவைத்தால்
ஏழாம் சோதனையில், நாற்பதாவது நிமிடத்தில்,
ஒரே ஒரு பிட்
ஒன்று என்று எழுதியதை சைபர் என்று திருப்பிச் சொல்கிறது.
யார் சொன்னது என்றால்
நால்வரும் போர்டைப் பார்க்கிறார்கள்.

குணசீலனுக்கு ஏசி பதினெட்டில் வேண்டும்.
ஹபிபுல்லாவுக்கு இருபத்தைந்து.
சேசுராஜுக்கு லிஃப்ட் குழிக்குள் வேலை, காது மந்தம்,
மனைவியிடம் ரகசியம் பேசினாலும் கட்டடத்துக்கே கேட்கும்.
எனக்கு விடிய விடிய வெளிச்சம் வேண்டும்.

வோல்ட்டை 1.35 இலிருந்து 1.38க்கு ஏற்றினேன்.
பிழை பன்னிரண்டு.
டைமிங்கைத் தளர்த்தினேன்.
பிழை மூன்று.
மூன்றெல்லாம் ஒரு கணக்கா என்றது தூக்கம்.
மூன்று என்றால் மூன்று நெற்றி.
கடைசியில் ரோஷத்தை விட்டு
3600ஐ 3200 ஆக்கினேன்.

ஹவல்லிக்குச் சண்டைக்குப் போகவில்லை.
சீட்டில் இருந்தது பொய்யும் இல்லை,
இரண்டு பேர் மட்டும் என்றால் ஓடியிருப்பார்கள்.

மூன்றரைக்கு ஹபிபுல்லா பேக்கரிக்குக் கிளம்பும்போது
நான்காம் சுற்று முடிந்திருந்தது.
பல் துலக்கிக்கொண்டே திரைக்குக் குனிந்தார்.
"என்ன போட்டிருக்கு?"
பிழை சைபர், பாஸ் என்றேன்.
"முட்டை வாங்குனா பாஸா?
எங்க ஸ்கூல்ல ஒருத்தனும் சொல்லலியே."
சிரித்ததில் நுரை கீபோர்டில் விழுந்தது.
கைலி நுனியால் துடைத்தார்,
எண்டர் கீயை இரண்டு முறை.

கதவு சாத்தியதும்
நாற்பத்தொன்றைத் திறந்தேன்.
அம்மி. மெட்டி. குனிந்த தலை.
சேமி.

கொஞ்சம் மெதுவாகத்தான் சேமித்தது.
நெற்றியில் வியர்வைகூடத் தெரிந்தது.