நாலு நிமிடம்

போனஸ் வாங்கிய சாயங்காலம்
பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
டிவிடி பிளேயர் ஒன்று எடுத்தோம்.
கடைக்காரர் கொசுறாகப் போட்டது அந்தப் படம்:
கலங்கரை விளக்கத்தில் வேலைக்குச் சேரும்
ஒரு வௌவாலின் கதை.
எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வரைந்ததாம்.
மூக்கு நுனியில் ஒட்டிய தண்ணீர்த் துளிகூட
தனியாக நடுங்கும்.

வௌவாலுக்கு வெளிச்சத்தில் என்ன வேலை என்று
முதல் நாளே கேட்டார் இவர்.
"நமக்கு மட்டும் ராத்திரியில என்னங் வேலை?" என்றேன்.
அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தேன்,
தலையெல்லாம் பனியன் பஞ்சு.

தருணேஷுக்கு நாலு வயது.
சோறு இறங்க வௌவால்,
காய்ச்சலுக்கு வௌவால்,
காங்கேயத்திலிருந்து ஒறம்பரை வந்தால்
உட்காரவைத்து அவர்களுக்கும் வௌவால்.
எதிர்வீட்டு ஒடிசாக்காரர் மகள் லிப்ஸா
தமிழ் படித்ததே அதில்தான்.
"மேஸ்திரி, இன்னிக்கு எனக்கு லீவு இல்லியா?" என்று
பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்டு வைத்தாள்.

மூன்றாம் மாதம் தட்டில் கீறல் விழுந்தது.
டீ டம்ளர் வைக்க
வட்டமாக ஒன்று அகப்பட்டதாம் இவருக்கு.

அதற்கப்புறம், புயல் தொடங்கும் இடத்தில்
படம் கட்டம் கட்டமாக உடையும்.
ஒரு சிறகு மட்டும் திரை மூலையில்
விறைத்து நிற்கும்.
பத்து எண்ணுவதற்குள் விடிந்திருக்கும்.
கப்பலெல்லாம் கரையில்.
விளக்கு மேஸ்திரியின் தொப்பிக்குள்
வௌவால் தூங்கிக்கொண்டிருக்கும்.
நடுவில் நாலு நிமிடத்தைக் காணோம்.
புயலை யார் நிறுத்தியது?

கடித்துவிட்டது என்றான் தருணேஷ்.
அம்மாவுக்குப் போன் போட்டது என்றாள் லிப்ஸா.
"கரண்ட் போயிருக்கும், வேறென்ன?
விடிய விடிய ஜெனரேட்டர் ஓட்டியிருக்கும்" என்றார் இவர்.
நான் சொன்னது வாரத்துக்கு ஒன்று.
ஆர்டர் குவிந்த வாரத்தில்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
நாற்பது கப்பலை உள்ளே விட்டது அது.
சாயப்பட்டறை மூடி
மெஷினெல்லாம் துணி போர்த்திக் கிடந்த மாதத்தில்
ஒரே ஒரு தோணி.
அதற்காகவும் கண் விழித்தது.

இப்படியே பதினொரு வருஷம்.
அனுப்பர்பாளையம் லைன் வீட்டிலிருந்து
பாண்டியன் நகருக்கு வந்தோம். டிவி மாறியது.
மூடிக்கு ரப்பர் பேண்ட் போட்டு
பிளேயரை மட்டும் மாற்றவில்லை.
வேறு படங்களும் வாங்கினோம்,
இதைவிடப் பளபளப்பாக.
ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.
அதில் எல்லாம் இருந்தது,
நாங்கள் போட வேண்டியது ஒன்றுமில்லை.
கடைசியில் ஒருநாள் பிளேயர்
தட்டை வாய்க்குள் வைத்துக்கொண்டே செத்துப்போனது.

போன வாரம் கோயமுத்தூர் காலேஜிலிருந்து தருணேஷ்
"அம்மா, முழுசாக் கெடச்சிருச்சு" என்று
போனில் அனுப்பினான்.
ஞாயிற்றுக்கிழமை கறி வேகும் நேரம்,
போனைச் சொம்பில் சாய்த்துவைத்து உட்கார்ந்தோம்.
லிப்ஸா, இப்போது எங்கள் கம்பெனியில்தான் செக்கிங்,
அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

புயல் வந்தது.
உடையவில்லை.
வௌவால் விளக்குக் கம்பியில்
தலைகீழாகத் தொங்கியது.
கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.
விளக்கு சுற்றியது. சுற்றியது.
நாலு நிமிடமும் அவ்வளவுதான்.
ஒரு வார்த்தை கிடையாது.
மழையை மட்டும் சொட்டுச் சொட்டாக
யாரோ கண் வலிக்க வரைந்திருந்தார்கள்.
பிறகு விடிந்தது.

"அது ஒண்ணுமே பண்ணலீங்களேக்கா" என்றாள் லிப்ஸா.
பாவம்.
பதினொரு வருஷமாக அதனிடம்
சம்பளமில்லாத ஓவர்டைம்
வாங்கியிருக்கிறோம்.

குக்கர் மூன்றாவது விசில். எழுந்தேன்.
பின்னால் அந்தப் பொடியன் கேட்கிறான்:
"அப்ப புயல் எப்படி நின்னுச்சு?"
லிப்ஸா யோசிக்கவேயில்லை.
"கடிச்சிருச்சு."
"இல்ல கண்ணு," என்கிறார் இவர்,
"ஜெனரேட்டரு."