கச்சான்

ஒப்பந்தத்தில் ஏழாவது வரி:
நாய் கூடாது, பூனை கூடாது,
விருந்தாளி மூன்று நாளுக்கு மேல் கூடாது.
எட்டாவது வரி, சுவரில் ஆணி அடிப்பது பற்றி.
கையெழுத்துப் போட்டபோது என்னிடம் இருந்தவை
ஒரு காஸ் அடுப்பு, ஒரு மெத்தை.
ஆணியில் மாட்ட ஒரு படமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் இவன் வந்தான்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
எடைமேடையில் நின்றபோது
சக்கரத்துக்குப் பின்னாலிருந்து.
இரவு ஷிப்டு முடிந்து
கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன்,
கையுறை எண்ணி எண்ணி
மாவு பூத்த விரல்களோடு.
விரலை மோந்தான். தும்மினான்.
போனால் போகிறது என்று என்னை ஏற்றுக்கொண்டான்.
சாப்பாட்டுப் பையில் வைத்தேன்,
ஜிப் முக்கால்வாசிதான் மூடியது.
வறுத்த கச்சானின் நிறம்.
வேறு பெயர் தேடவில்லை.

கோல கெட்டிலில் பாசாருக்குப் பின்னால்
ஆறு வீட்டு வரிசை,
அதில் நாலு மருதப்பனுடையது.
வாடகை முந்நூற்றைம்பது வெள்ளி.
முதல் தேதி காலையில்
இருமிக்கொண்டே சந்துக்குள் நுழையும்
ஒரு பழைய ஹோண்டா.
இருமுவது வண்டியா அவரா என்று
பக்கத்து வீட்டு காக் சைத்தோனும் நானும்
இன்னும் முடிவுக்கு வரவில்லை.

காக் சைத்தோன் இவனைத் தொட மாட்டாள்.
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருமுறை
"கெச்சிக்ஞா" என்றாள், அவ்வளவுதான்.
மறுமாதம் இருமல் கேட்டதும்
பிளாஸ்டிக் வாளியை இரண்டு தடவை தட்டினாள்.
நான் சொல்லிவைக்கவில்லை.
இவனைத் துணிக்கூடையில் போட்டு
மேலே சீருடையைப் போர்த்தினேன்.

ஒருநாள் வாசலுக்கு வெளியே அவர் குரல்:
"யாரம்மா கூப்பிட்ட?"
"கச்சான் வேணுமான்னு கேட்டேன்."
"யார்கிட்ட?"
"எங்கிட்டயேதான். அவிக்கலாமான்னு."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.
"எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வை."
அன்றிலிருந்து பாசார் மாலாமில்
இரண்டு வெள்ளிக்கு அவித்த கச்சான் வாங்கி
வாடகை உறையோடு சேர்த்து நீட்டுகிறேன்.
பொய்க்கும் வட்டி கட்டத்தான் வேண்டும்.

தோட்டத்தை விற்றபோது எனக்குப் பதினொன்று.
லோரியில் இடமில்லை என்றார் அப்பா.
அலமாரிக்கு இருந்தது.
கோழிக்கூண்டுக்கு இருந்தது,
கோழி இல்லாத கூண்டு.
ஆற்றுப் பாலம் வரை ஓடி வந்தது.
அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பதினேழாம் தேதி அவர் நடந்தே வந்தார்.
வண்டி பட்டறையில்.
இருமல் இல்லை, வாளி இல்லை,
கதவும் திறந்து கிடந்தது.
கூடத்து நடுவில் இவன்
என் ஒற்றைக் காலுறையைத் தின்றுகொண்டிருந்தான்.
"கூடாதுன்னு எழுதியிருக்கு."
"ஆமா."
"கையெழுத்து உன்னுதுதானே?"
"ஆமா."
"இந்த மாசக் கடைசிக்குள்ள..."
அதற்குள் வாசலில் கழற்றிய செருப்பில் ஒன்றைக் கவ்வி
கட்டிலுக்கடியில் போய்விட்டான்.
ஒற்றைச் செருப்போடு நின்று
ஒரு மனிதர் எவ்வளவு நேரம்
கோபமாக இருக்க முடியும்?
துடைப்பக் கட்டையால் துழாவி எடுத்துக் கொடுத்தேன்.
ஈரமாக இருந்தது.
அப்படியே போட்டுக்கொண்டு போனார்.

பதிமூன்று நாள்
வேறு வீடு விசாரித்தேன்.
எல்லா ஒப்பந்தத்திலும்
ஏதோ ஒரு வரியில் அது இருந்தது.

முதல் தேதி ரசீதை நீட்டினார்.
சாய்ந்த எழுத்தில்:
வாடகை 350
கச்சான் 20
மொத்தம் 370.
இருபது வெள்ளி என்றால்
இரண்டு மணி நேர ஓவர்டைம்.
மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் எண்ணிக் கொடுத்தேன்.
பொட்டலத்தையும் விடாமல் வாங்கிக்கொண்டார்.

"நாய் கூடாது," என்றார் வண்டியை உதைத்தபடி,
"எழுதினது எழுதினதுதான்."
"இங்க ஏது நாய்?" என்றேன்.

சந்து முனையில் இருமல் தேய்ந்தபின்
காக் சைத்தோன் வாளியைத் தட்டினாள்,
இன்று பிந்திவிட்டாள்.
இவன் எழுந்து
தானாகவே கூடைக்குள் போய்
உட்கார்ந்துகொண்டான்.