ஓட்டைக் கரண்டி

பகலெல்லாம் பிறர் வாய்க்குள் விளக்கடிக்கிறேன்.
ஒரு நாளில் நான் அதிகம் உதிர்க்கும் சொல்
"அசையாதீர்கள்."

ஆறு மணிக்கு மேல்
வில்யாந்தியில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தின் நிலவறையில்
ஏழாம் எண் கம்பிக்கூண்டு என்னுடையது.
ஒரு மணைக்கட்டை, ஒரு விளக்கு,
தகரப் பெட்டியில் பஞ்சும் கட்டுத்துணியும்.
லிண்டன் கட்டையிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.
அசைகிறவள் நான்.

விதிகளை எங்கும் ஒட்டி வைக்கவில்லை.
இடது கட்டைவிரல் தழும்பு: கத்தி வரும் வழியில் நிற்காதே.
முழங்கால் மேல் கோடு: மடியில் வைத்துச் செதுக்காதே.
அதன் பிறகுதான் எஃகிழைக் கையுறை வாங்கினேன்.
மழுங்கிய கத்திதான் ரத்தம் கேட்கும்,
கூரானது சொன்ன இடத்தில் நிற்கும்.
ஹெய்னோ விட்டுப்போன தோல் பெல்ட்டில்
தினமும் நாற்பது தடவை தீட்டுகிறேன்.
அவன் விட்டுப்போனதில் உருப்படி அது ஒன்றே.

முதலில் ஜூனிப்பரில் வெண்ணெய்க் கத்தி.
கை மணத்தது மூன்று நாள்.
பிறகு கரண்டிகள்:
முதலாவது துடுப்பு,
இரண்டாவது செருப்பு,
ஒன்பதாவதுதான் கரண்டி.
அதன் குழியை வளைகத்தியால்
இன்னும் ஒரு சீவல், இன்னும் ஒன்று என்று
மெலிய வைத்தேன்.
விளக்கில் பிடித்தால் தேன்நிறம் ஊடுருவியது.
போதும் என்றது மரம்.
இன்னும் ஒன்றே ஒன்று என்றேன்.
பொத்துக்கொண்டது.

அடுப்புக்கான சுள்ளிக் கூடையில் எறிந்துவிட்டேன்.

பக்கத்துக் கூண்டில் கால்யோ
உப்புக்காளான் போத்தல்களை அடுக்குபவர்.
என் சுரண்டல் ஓசை எலி என்று
சங்கத்தில் புகார் எழுதியவரும் அவரே.
மறுநாள் என் கதவைத் தட்டினார்,
கையில் என் கரண்டி.
"தண்ணீர் வடிந்து காளான் மட்டும் வருகிறது.
இன்னொன்று வேண்டும். ஓட்டை இதே இடத்தில்."
கூலியாக ஒரு போத்தல்.
அதன் மூடியில்தான்
இந்த ஆண்டின் முதல் காயம் எனக்கு.

துளைக்கருவியால் போட்டுக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது போட்ட ஓட்டை" என்றார்.
வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது நான்காவது கரண்டி.
சீவல் வெங்காயத்தோல்போல் விழுகிறது.
விளக்கின் இழையே தெரியுமளவு மெலிந்தும்
பொத்த மாட்டேன் என்கிறது.