வகுக்கும் எண்

கபுதோச்சோவில் என் முடிதிருத்தும் கடைக்கு எதிரே
பங்குத் தரகர்களின் பலகை.
நிக்கேய் அதில் ஓடும்.
ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை,
எங்கள் ஊரில் அப்படித்தான்.
எனக்கு அது கண்ணாடி வழியாக வரும்,
இடம் வலமாகி.
திரும்பிப் பார்க்கலாம்தான்.
கத்தி கழுத்தில் இருக்கையில் திரும்புகிறவன்
இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டான்.

எண்பத்தொன்பது, டிசம்பர் இருபத்தொன்பது,
வருஷத்தின் கடைசி வியாபார நாள்.
கண்ணாடியில் 51983.
நுரைக்குள்ளிருந்து குராமோச்சி சொன்னார்:
"அடுத்த வருஷம் நாற்பதாயிரம், இசொகாய்.
அன்றைக்கு இதைத் திறப்போம்."
பிரெஞ்சு ஹேர் டானிக், பச்சைப் புட்டி.
கழுத்தில் காகிதப் பட்டி கட்டி
40000 என்று எழுதி
சீப்புகளுக்கு மேல் தட்டில் வைத்தார்.

அடுத்த வருஷம் பச்சை.
அதற்கடுத்தும்.
நுரை பூசாமலே சிலர் வெளுத்தார்கள்.
தினம் சவரத்துக்கு வந்தவர்கள்
மாதம் ஒருமுறை வந்தார்கள்,
பிறகு வீட்டிலேயே மழித்துக்கொண்டு
தாடையில் சின்னச் சின்ன வெட்டுகளோடு
கடையைத் தாண்டிப் போனார்கள்.
சந்தை நிலவரம் அறிய
எனக்குப் பலகை வேண்டியிருக்கவில்லை.

தொண்ணூற்றேழில் ஒரு மாலை குராமோச்சி.
வெட்ட வேண்டாம், தலையை மட்டும் அலசிவிடு என்றார்.
தண்ணீரை நிறுத்தினேன், எழுந்திருக்கவில்லை.
மறுபடி திறந்துவிட்டேன்.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.
புட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.
அப்புறம் வரவுமில்லை.

இருபத்து நாலு, மார்ச் நாலு.
நாற்காலியில் மினெகிஷி,
பக்கத்து மாடியில் நிதிக்கணக்கு பார்க்கும் பெண்,
காதோரம் குட்டையாக வேண்டும் என்பாள்.
பலகை சிவந்து கிடந்தது.
"முப்பத்து நாலு வருஷம்," என்றேன்.
"அதே இருநூற்று இருபத்தைந்து கம்பெனி,
கடைசியில் ஏறிவிட்டதே."
"அதே கம்பெனிகளா?" என்று சிரித்தாள்.
"போனதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுவார்கள்.
விலைகளைக் கூட்டி ஒரு எண்ணால் வகுப்பார்கள்.
ஆள் மாறும் நாளில்
அந்த எண்ணையும் கொஞ்சம் திருத்துவார்கள்,
கோட்டில் படி விழக்கூடாதே."
விலை கூடிய பங்குக்குத்தான் குரல் பெரிதாம்.
துணி விற்கும் ஒரு கம்பெனி தும்மினால்
மொத்தமும் குலுங்குமாம்.

என் கையில் அப்போது பல் கத்தரி.
பின்கழுத்தில் நீளம் குட்டையைத் தொடும் இடத்தில்
வெட்டின தடம் தெரியாமல் கரைக்கிற கத்தரி.
ஐம்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.
நன்றாகச் செய்தால்
என்ன போயிற்று என்று யாருக்கும் தெரியாது,
தரையைக் கூட்டுகிறவனைத் தவிர.
அதுவும் நான்தான்.

கைக்கண்ணாடியை அவள் பின்தலைக்குப் பிடித்தேன்.
அதற்குள் முன் கண்ணாடி, அதற்குள் தெரு.
இருமுறை திரும்பி
எண் எனக்கு மட்டும் நேரானது.
40109.
மூன்று மணி. இனி நாளை வரை அசையாது.

"அந்தப் புட்டி எதற்கு?"
"ஒருவர் விட்டுப்போனது."
எடுத்து ஆட்டிப் பார்த்தேன்.
திறக்காத மூடிக்குக் கீழே
பாதிதான் இருந்தது.
தட்டிலேயே வைத்தேன்.

எவ்வளவு என்றாள்.
மூவாயிரத்து எண்ணூறு யென்.
குராமோச்சியிடமும் அதுதான் வாங்கினேன்.