கரண்ட் போன இடம்

உட்துறைமுக வீதி ரியூசன் கொட்டில்.
கரும்பலகையில் அழிபடாத சமன்பாட்டின் மேல்
ஃபஸ்மியாவின் படுக்கை விரிப்பைக் கட்டினோம்.
நடுவில் தேநீர்க் கறை.
படத்தில் எந்தப் பெண் சிரித்தாலும்
கன்னத்தில் அது.

பதினேழு கதிரை.
மூதூர்க் கடைசி பஸ்ஸைப் போகவிட்ட நவ்சாத்துக்கு
அரிசிச் சாக்கு.

"டிக்கெட் இல்லையா?" என்று எட்டிப்பார்த்த
ஓட்டோக்காரர் செல்வரூபன்
வாசலிலேயே நின்றார், சாவியைச் சுழற்றியபடி.

அவளும் அவளும் கைகோக்கும் இடத்தில்
கரண்ட் போனது.

நுளம்பு. வெளியே மான்கள்
குப்பைப் பையைக் கிழிக்கும் சத்தம்.
ஒருவரும் எழும்பவில்லை.

"பிறகு? சேர்ந்தாங்களா?"
வாசல் பக்கமிருந்து.

எனக்கு முடிவு தெரியும்.
சொல்லவில்லை.
நிரோமியின் விரல்கள்
என் கைக்குள் வியர்த்திருந்தன.

வெளிச்சம் வந்தபோது
நவ்சாத் ஒதுங்கிக் கொடுத்த பாதிச் சாக்கில்
செல்வரூபன்,
"கொஞ்சம் பின்னாலயிருந்து போடுங்கோ" என்றார்.